காதில் விழாத வரை

டிசம்பர் 14, ஞாயிறு

பூபதியிடமிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. பொங்கல் வாழ்த்தையும் பிறந்தநாள் வாழ்த்தையும் கழித்தால், ஏழு வருடங்களில் என் மகன் எனக்கு எழுதிய முதல் கடிதம். அவன், ஹேமா, குழந்தை தியா மூவரும் ஜனவரி 18 காலை மெல்போர்னிலிருந்து கோவை வந்து சேருகிறார்கள். 29 அன்று திரும்புகிறார்கள்.

"ஹேமாவுக்குப் பழனியில் ஒரு வேண்டுதல் பாக்கி. எனக்கு மலை பார்க்க வேண்டும். தியாவுக்கு யானையை அதன் காட்டிலேயே பார்க்க வேண்டும். மூன்றையும் சேர்த்து நீங்களே ஒரு பயணம் திட்டமிடுங்கள் அம்மா. உங்களைப் போல் வேறு யாருக்கும் அது வராது."

கடைசி வாக்கியத்தை நான்கு முறை படித்தேன்.

காலையில் பாவாயி கேட்டாள்: "ஏனுங்கம்மா, இன்னைக்கு ரெண்டு தோசை சேத்தித் தின்னுபோட்டீங்க?" இருபது வருடமாக எனக்குச் சமைக்கிறாள், இன்னும் தோசையை எண்ணுகிறாள். பசித்தது என்றேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

திட்டத்தின் முதல் வடிவம் தயார். ஈரோட்டில் வீட்டில் ஒரு நாள் ஓய்வு. மறுநாள் பவானி கூடுதுறை, நடை சாத்துவதற்குள், அதாவது பதினொரு மணிக்குள். 20 அன்று பழனி. தைப்பூசத்துக்கு இன்னும் நாள் இருப்பதால் காவடிக் கூட்டம் அவ்வளவாக இருக்காது. அங்கிருந்து டாப்ஸ்லிப்பில் ஒரு நாள் வனத்துறை வண்டியில் காட்டைச் சுற்றுவது. பிறகு வால்பாறை, ஊட்டி, கடைசியாக மசினகுடியில் தங்கி முதுமலைக் காடு. மலை ஏற இ-பாஸ் எடுக்க வேண்டும். வால்பாறைப் பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். தியாவுக்கு வாந்தி வருமா என்று ஹேமாவிடம் கேட்டு எழுதியிருக்கிறேன்.

அளவுகோல் வைத்துக் கோடு போட்டு எழுதினேன். குன்னூர் கான்வென்ட்டில் கற்றது. நாட்குறிப்பு எழுதவும் அங்கேதான் கற்றேன். சனிக்கிழமை தோறும் கன்னியாஸ்திரிகள் எங்கள் நாட்குறிப்புகளை வாங்கிப் படிப்பார்கள். அதனால் பிறர் படிக்கத் தகாததை எழுதும் பழக்கம் எனக்கு இல்லை.

டிசம்பர் 20, சனி

கொழுந்தனார் நாச்சிமுத்து மொடக்குறிச்சித் தோட்டத்திலிருந்து வந்திருந்தார். என் கணவரின் ஒரே தம்பி. பிள்ளை இல்லை. கை நிறைய முருங்கைக்காயைக் கொண்டுவந்து மேசையில் என் திட்டத்தின் மேலேயே வைத்தார்.

"நங்கையா, என்னங்க இது, பரீட்சைப் பேப்பராட்ட இருக்குது?" அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்பார்கள்.

"பூபதி வருகிறான். பயணத் திட்டம்."

மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். "யானை எப்ப வரோணும்னு நேரம் போடுலீங்களா? ஏழரைக்கு வந்து வரிசையில நிக்கட்டும். உங்களைப் பாத்தா நின்னாலும் நிக்குமுங்க."

சிரிக்கவில்லை நான். அவர் மட்டும் இருமி இருமிச் சிரித்தார். பிறகு, "டாப்ஸ்லிப்ல இன்னொரு நாள் சேத்திப் போடுங்க. அவனுக்கு அந்த எடந்தான் புடிக்கும்" என்றார். பூபதிக்குப் பிடித்தது இவருக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் ஒரு நாள் சேர்த்தேன். ஊட்டியில் ஒன்று குறைந்தது.

டிசம்பர் 23, செவ்வாய்

நாச்சிமுத்து தோட்டத்து வாய்க்கால் மேட்டில் மயங்கி விழுந்துவிட்டார். ஈரோட்டில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். இதயம் கால்வாசிதான் வேலை செய்கிறதாம். என் ஓரகத்தி மயிலாத்தாள் வராந்தாவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காபி வாங்கிக் கொடுத்தேன்.

மசினகுடி விடுதி உறுதியாகிவிட்டது. காட்டைப் பார்த்த அறை.

டிசம்பர் 24, புதன்

தியாவுக்கு வாந்தி வரும் என்று ஹேமா எழுதியிருக்கிறாள். எலுமிச்சம்பழம் எடுத்துவைக்க வேண்டும்.

டிசம்பர் 27, சனி

மருத்துவரைத் தனியாகப் பார்த்தேன். இளைஞர். நாள்கணக்காகவும் இருக்கலாம், மாதக்கணக்காகவும் இருக்கலாம் என்றார். இது பதில் அல்ல என்றேன்.

"அம்மா, நீங்க எந்தத் தேதிய மனசுல வெச்சுக் கேக்கறீங்க?"

"ஜனவரி 28."

"அன்னைக்கு ஏதாவது விசேஷமா?"

பயணத்தின் கடைசி நாள் என்று சொல்லவில்லை. ஆமாம் என்று மட்டும் சொன்னேன்.

நடைமுறையை இங்கே குறித்துவைப்பது நல்லது. பங்காளி வீட்டில் சாவு என்றால் பதினாறு நாள் கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. மலைக்கோயில் ஒரு வருடத்துக்கு ஏறக் கூடாது. துக்கம் காத்துக் கிடக்கும்போது உல்லாசப் பயணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இவர் பூபதிக்குச் சொந்தச் சித்தப்பா. ஏழு வருடம் கழித்து வருகிறவன் இழவு வீட்டில் பதினோரு நாள் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போவான். இன்னொரு முறை வரமாட்டான். எனக்கு எழுபத்தாறு வயது.

டிசம்பர் 30, செவ்வாய்

அவன் ஏன் ஏழு வருடம் வரவில்லை என்பதை இந்த நாட்குறிப்பில் நான் எழுதியதில்லை. எழுதுவதில் தவறில்லை. நான் செய்தது முறைதான்.

அவன் அப்பா காலை ஆறு மணிக்குத் தவறிப்போனார். பூபதி மெல்போர்னிலிருந்து போனில் அழுதான்: "நான் வர்ற வரைக்கும் வெச்சிருங்கம்மா. நாளைக்கு ராத்திரி வந்திருவேன்." நாச்சிமுத்தும் சொன்னார்: "பையன் வரட்டுங்க நங்கையா. ஐஸ் பெட்டி இருக்குதுங்க." பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். இறந்தவரைக் காட்சிப் பொருளாக்குவது அசிங்கம் என்றேன். நாலு மணிக்கு நாச்சிமுத்துதான் கொள்ளி வைத்தார். பூபதி மறுநாள் இரவு வந்தான். சாம்பல்தான் இருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் போனான்.

ஜனவரி 3, சனி

நாச்சிமுத்து கொஞ்சம் தெளிவாக இருந்தார். ஆக்சிஜன் குழாயை விலக்கிவிட்டுப் பேசினார்.

"தியாப் புள்ள நீச்சல்ல கப்பு வாங்கியிருக்குதாமா."

"யார் சொன்னார்கள்?"

அவர் மயிலாத்தாளைப் பார்த்தார். அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். "நீங்கதான் சொன்னீங்கக்கா" என்றாள்.

நான் சொல்லியிருக்கக்கூடும். எனக்கே இப்போதுதான் தெரிகிறது என்றாலும்.

நான் கிளம்பும்போது, "நங்கையா, யானைக்கு நேரம் போட்டுட்டீங்களா?" என்று கேட்டார். "28 வரைக்கும் நீங்கள் திடமாக இருக்க வேண்டும்" என்றேன். சொன்னபிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. அவர் கையை மட்டும் லேசாகத் தூக்கினார். சரி என்பது போலத்தான் இருந்தது.

ஜனவரி 6, செவ்வாய்

மாரியம்மன் கோயிலில் அபிஷேகத்துக்குக் கொடுத்தேன். யார் பெயருக்கு என்று பூசாரி கேட்டார். நாச்சிமுத்து பெயரைச் சொன்னேன். பெரிய மனசுங்கம்மா உங்களுக்கு என்றார்.

ஜனவரி 9, வெள்ளி

அவரைத் தோட்டத்துக்கே கொண்டுபோய்விட்டார்கள். இனி மருத்துவமனையில் செய்வதற்கு ஒன்றும் இல்லையாம். மயிலாத்தாள் போனில் சொன்னாள்: "உங்களத்தான் கேக்கறாருக்கா. வந்து ஒரு எட்டுப் பாத்துட்டுப் போங்க."

திங்கள்கிழமை வருகிறேன் என்றேன்.

பழனியில் ரோப் கார் பராமரிப்பு நாள் எங்கள் தேதியில் இல்லை. விசாரித்துவிட்டேன்.

ஜனவரி 11, ஞாயிறு

குருக்களிடம் ஒரு சந்தேகம் கேட்டேன், யாருக்காகவோ கேட்பதுபோல. தூரத்தில் இருக்கிற பங்காளிக்குச் சாவுச் சேதி தாமதமாகத் தெரிந்தால் தீட்டு எப்போதிலிருந்து? "காதில் விழுந்த நேரத்திலிருந்துதாம்மா. காதில் விழாத வரை தீட்டில்லை" என்றார்.

எனக்கும் அப்படித்தான் நினைவு. மறுபடி உறுதிசெய்துகொண்டேன், அவ்வளவுதான்.

பூபதிக்கு இங்கே என்னைத் தவிர யாருடனும் பேச்சில்லை. அவனுக்குச் சேதி போவதென்றால் என் வழியாகத்தான் போக வேண்டும். என் காதில் விழாதது அவன் காதில் விழ வழியில்லை.

ஜனவரி 12, திங்கள்

தோட்டத்துக்குப் போகவில்லை. மூட்டு வலி.

கைப்பேசியை அணைத்துப் பாவாயியிடம் கொடுத்தேன். தரைவழித் தொலைபேசியின் இணைப்பையும் பிடுங்கிவிட்டேன்.

"யார் வந்து எது சொன்னாலும் என்னிடம் சொல்லக் கூடாது. பயணத்துக்கு முன்னால் எனக்கு அமைதி வேண்டும்."

"எதுன்னாலுமுங்களா?"

"எதுவானாலும்."

என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "நீங்க பெரிய படிப்புப் படிச்சவீங்க. எனக்கென்னங்க தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் குரலில் மரியாதை குறைவாக இருந்தது.

ஜனவரி 14, புதன்

பொங்கல். பால் நன்றாகப் பொங்கியது. தோட்டத்துக்கு ஒரு தூக்குப் பாத்திரம் நிறையச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பலாமா என்று பாவாயி கேட்டாள். கொடுத்தனுப்பினால் அங்கிருந்து ஆள் திரும்பி வரும். வேண்டாம் என்றேன்.

ஜனவரி 15, வியாழன்

காலை ஏழு மணிக்கு வெளிக்கேட்டில் சின்னச்சாமி நின்றார். எங்கள் பங்காளிதான். சட்டை போடாமல், தோளில் துண்டு மட்டும். மாட்டுப்பொங்கலுக்கு வசூல் கேட்க வந்திருப்பார். திரைச்சீலையை இழுத்துவிட்டேன். நான்கு முறை மணி அடித்தார். "அம்மிணி, அம்மிணி" என்று கூப்பிட்டார். பாவாயி சமையலறை வாசலில் நின்று அழுதாள். வெங்காயம் எதுவும் நறுக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

தங்கும் இடங்களை நேரில் பார்த்துவிடுவது நல்லது என்று முடிவு செய்து பத்து மணிக்கு டிரைவர் மாரப்பனோடு காரில் கிளம்பிவிட்டேன். பின்பக்க கேட் வழியாக.

சத்தியமங்கலம் தாண்டியதும் மாரப்பன் ரேடியோவை நிறுத்தினான்.

"அம்மா, ஒரு சேதி…"

"உன் கைப்பேசிக்கு வருகிற எதையும் என்னிடம் சொல்ல வேண்டாம். ரோட்டைப் பார்த்து ஓட்டு."

"இது அப்படி மறைக்கிற சேதியில்லீங்கம்மா."

"மாரப்பா, இறங்கி நடந்துபோகச் சொல்கிறாயா என்னை?"

பிறகு ஊட்டி வரை அவன் வாயைத் திறக்கவில்லை.

ஜனவரி 16, வெள்ளி. மசினகுடி

விடுதி சுத்தமாக இருக்கிறது. தலையணை உறைகளை மாற்றச் சொன்னேன். பக்கத்து அறையில் ஏதோ ஒரு குடும்பம் இரவுவரை சிரித்துக்கொண்டே இருந்தது. நான் சாப்பிடவில்லை.

ஜனவரி 17, சனி. மசினகுடி

காலை ஆறரைக்கு வனத்துறை வண்டியில் காட்டுக்குள் போனேன். எந்தப் பக்கத்து இருக்கையில் தியா உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும் என்று பார்த்து வைத்துக்கொள்ளத்தான். இடதுபக்கம். புள்ளிமான்கள், இரண்டு காட்டெருமைகள். வளைவு ஒன்றில் ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். ஒரு பெண் யானை, கூடவே குட்டி. நேரம் ஏழரை.

எல்லோரும் படம் பிடித்தார்கள். நான் முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் இருந்த பெண் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "கூட யாரும் வரலியாம்மா?" என்றாள். நாளை வருகிறார்கள் என்றேன்.

மாலை கோவை வந்துவிட்டோம். நாளை ஒன்பதரைக்கு விமானம். இன்னும் ஒரு நாள்தான். என் காதில் எதுவும் விழவில்லை. தேவதூதர்களும் மாரியம்மனும் எல்லோருமாகச் சேர்ந்து இன்னும் ஒரு நாள் என்னைக் காக்கட்டும்.

ஜனவரி 19, திங்கள். மொடக்குறிச்சி

நேற்று எழுதவில்லை. நேற்று நடந்ததிலிருந்து தொடங்குகிறேன்.

விமானம் சரியான நேரத்துக்கு வந்தது. கதவு வழியாக முதலில் தியா வந்தாள். புகைப்படத்தில் பார்த்ததைவிட உயரம். பின்னால் ஹேமா, இரண்டு பெட்டிகள் வைத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு. அவர்களுக்குப் பின்னால் வந்த ஒவ்வொரு ஆணின் முகத்தையும் பார்த்தேன்.

"பூபதி எங்கே?"

ஹேமா நின்றுவிட்டாள். "அத்தை… அவரு முந்தாநாள் காலையிலயே வந்துட்டாருங்களே. வியாழக்கிழமையே கெளம்பிட்டாரு. அவருதானே கொள்ளி வெக்கணும், புள்ளை இல்லாதவருக்கு." என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்கு யாரும் சொல்லலீங்களா?"

சுற்றிலும் மாலைகளும் பெயர் எழுதிய அட்டைகளுமாக ஆட்கள். தியா என் கையைப் பிடித்தாள். "அப்பத்தா, அந்தத் தாத்தா ஒவ்வொரு சண்டேயும் வீடியோல வருவாரு. எனக்கு மாடு கறக்கறது காட்டுவாரு."

ஒவ்வொரு ஞாயிறும்.

"எத்தனை வருஷமாக?" என்று ஹேமாவைக் கேட்டேன்.

"மாமா போனதுலேர்ந்துங்க அத்தை."

மாரப்பன் பெட்டிகளை ஏற்றினான். எங்கே போக வேண்டும் என்று என்னைக் கேட்கவில்லை. நேராகத் தோட்டத்துக்கு ஓட்டினான்.

பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை. ஆண்கள் வெளியே பெஞ்சுகளில் இருந்தார்கள். நான் கடந்து போனபோது பேச்சு நின்றது. சின்னச்சாமி என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பூபதி உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தான். மொட்டைத் தலை. தலை மழித்தால் அப்படியே அவன் அப்பா. என்னை நிமிர்ந்து பார்த்தான். இழவு வீட்டில் வருகிறவர்களை 'வாங்க' என்று அழைப்பதில்லை. அவன் அழைக்காதது அந்த முறைக்காகவா, வேறு காரணத்துக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை.

மயிலாத்தாள் மூலையில் சுவரில் சாய்ந்திருந்தாள். கட்டிக்கொண்டு அழுவதுதான் வழக்கம். அவள் கையை நீட்டவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எப்போது?" என்றேன்.

"தெரியாதுங்களாக்கா உங்களுக்கு?" அவள் குரலில் கோபம்கூட இல்லை. "சின்னச்சாமி மணியடிச்சப்ப உங்க ஜன்னல் சீலை ஆடுச்சாமா. வந்து சொன்னாரு."

"தெரியும். நீ சொல்லு. உன் வாயால் கேட்க வேண்டும்."

சொன்னாள். பொங்கல் அன்று பொழுது சாய்கிற நேரம். மத்தியானம் ஒரு வாய் பொங்கல் கேட்டாராம். அண்ணன் வீட்டுப் பொங்கல் வந்துச்சா என்றாராம். இல்லை என்றதும் தோட்டத்துப் பொங்கலில் ஒரு வாய் சாப்பிட்டுப் படுத்தவர்தான். பூபதிக்கு அன்றைக்கே சேதி போயிற்று. இரண்டு நாள் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். "ஊரு ஒன்னுஞ் சொல்லுல. புள்ளை வரோணும்ல" என்றாள்.

பிறகு சொன்னாள்: "ஊருக்கு வரமாட்டேன்னுதான் இத்தனை வருசமும் சொல்லிட்டிருந்தான். ஒவ்வொரு வாரமும் இவரு உடுல. கடேசியா கார்த்திகை மாசம் ஒரு நாள் சரின்னான். அப்ப இவருதான் அவனுக்கு யோசனை சொன்னாரு. 'கோயிலு, மலை, காடுன்னு ஒரு பெரிய டூரு கேளு. உங்கம்மாவையே திட்டம் போடச் சொல்லு. நங்கையாளுக்கு மன்னிப்புக் கேக்கத் தெரியாது. ஆனா திட்டம் போடத் தெரியும். அதுல தெரிஞ்சுக்குவே, அவுங்க உன்ன எப்படி நெனச்சிட்டிருக்கறாங்கன்னு.'"

ஹேமா காபி கொண்டுவந்து வைத்தாள். ஆறிப்போனது. பதினாறு நாளும் பயணமில்லை. பழனியும் இல்லை, மசினகுடியும் இல்லை. விடுதிகளுக்குச் சொல்ல வேண்டும். நான் நாற்பது வளைவுகளையும் எண்ணிவைத்த பயணம், கொடுத்தவரோடு போய்விட்டது. அவரை 28 வரை இருக்கச் சொல்லித் தேதி குறித்தவள் நான்.

மாலையில் கிளம்புகிறவர்களோடு நானும் எழுந்தேன். இழவு வீட்டிலிருந்து போகும்போது சொல்லிக்கொள்ளக் கூடாது. போய் வருகிறேன் என்பது அங்கே கெட்ட வார்த்தை. பேசாமல் எழுந்து நடந்துவிட வேண்டும். பந்தல் கால் வரைக்கும் வந்துவிட்டேன். மாரப்பன் கார்க் கதவைத் திறந்து வைத்திருந்தான். அப்படியே ஏறியிருந்தால் என் மகனும் நானும் ஒரு சொல்கூடப் பேசாமல், ஒரு முறைகேடும் இல்லாமல் பிரிந்திருப்போம்.

திரும்பினேன். எல்லோரும் பார்த்தார்கள். உள்ளே போய் அவன் பாய்க்கு எதிரே வெறுந்தரையில் உட்கார்ந்தேன். முழங்கால் மடங்கவில்லை. ஒரு கையை ஊன்றித்தான் உட்கார வேண்டியிருந்தது.

"பூபதி, அன்னைக்கு உனக்காகக் காத்திருந்திருக்கோணும்" என்றேன். "உங்கப்பன வெச்சிருந்திருக்கோணும். வெக்காதது என்னோட தப்பு."

அவன் தலையைத் தூக்கவில்லை. முழங்கால்களுக்கு நடுவே கைகளைக் கோத்தபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து போகவும் இல்லை. வெளியே மாரப்பன் கார்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.